மரம் தாங்கும் வீடும் மரம் உடுத்திய வீடும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் பலவற்றில் நுவரெலியாப் பேச்சுத்தான். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. வாப்பா வேன் பேசுவார். உம்மா சோற்றுப் பார்சலும் கம்பளி உடுப்பும் கட்டுவார். ஹற்றன் வழியாகவோ றம்பொடை வழியாகவோ வளைந்து வளைந்து ஏறி, 6,000 அடிக்கு மேலே உள்ள அந்தக் குளிர் நகரில் இறங்கியதும் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது ஒன்று உண்டு. வெளிர்நிறச் சுவர்கள், அவற்றின் மீது நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாக ஓடும் கருநிற மரச்சட்டங்கள், செங்குத்தான கூரைகள், உயர்ந்த புகைபோக்கிகள். ஏதோ ஆங்கிலக் கதைப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்த வீடுகள் போலத் தோன்றும்.

பிள்ளைகள் கேட்பார்கள்: "உம்மா, இதெல்லாம் மரத்தால கட்டின வீடா?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குச் சரியான விடை தேடிப் போனால், ஒரு வீட்டில் சுமையைத் தாங்குவது எது, அழகுக்காக நிற்பது எது என்ற வேறுபாடு நமக்குப் புரியும். நம் கடைத்தெருக்களில் இன்னும் மிஞ்சி நிற்கும் பழைய வீடுகளைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

மரச்சட்ட வீடு என்றால் என்ன?

நாம் இன்று கட்டும் வீடுகளில் செங்கல் சுவரோ கொங்கிறீற்றுத் தூணோ கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. மரச்சட்ட வீட்டில் அந்த வேலையை மரம் செய்கிறது. முதலில் கல் அத்திவாரத்தின் மேல் கனமான ஒரு மரத்தைக் கிடத்துவார்கள். அதன் மேல் தூண்கள். தூண்களின் தலையில் உத்தரம். உத்தரங்களுக்கிடையே விட்டங்கள். தூணும் உத்தரமும் சேரும் மூலைகளில் சாய்வாகக் கைமரங்கள்.

இந்தக் கைமரத்தை யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது. நான்கு சட்டங்களை ஆணியடித்து ஒரு சதுரம் செய்து, மேல் மூலையில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள். அது சரிந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு சட்டத்தைச் சாய்வாக அடித்துவிட்டுத் தள்ளுங்கள். அசையாது. காற்றும் நிலநடுக்கமும் வீட்டைப் பக்கவாட்டில் தள்ளும்போது அதைச் சரியவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்தச் சாய்வு மரந்தான்.

பழைய ஓடாவிமார் இந்தச் சட்டங்களை இணைக்க இரும்பாணியை நம்பவில்லை. ஒரு மரத்தில் துளை எடுத்து, மற்ற மரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி உள்ளே செலுத்தி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கினார்கள். இங்கிலாந்தில் முழுச் சட்டத்தையும் தச்சுப் பட்டறை முற்றத்திலேயே பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் வெட்டிக் கழற்றி, வண்டியில் ஏற்றிப்போய், வீடு கட்டும் இடத்தில் மறுபடி பூட்டுவார்கள். அந்த அடையாள வெட்டுகளை நானூறு, ஐந்நூறு ஆண்டு கடந்த வீடுகளில் இன்றும் காணலாம்.

சட்டங்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தை எப்படி நிரப்பினார்கள்? குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் கிராமத்து வரிச்சு மண்சுவரும் இதுதானே! துரைமார் பெருமையோடு பேசும் ஆங்கில வீட்டின் சுவருக்கும் நம் மூத்தம்மா பிறந்த மண்வீட்டின் சுவருக்கும் செய்முறையில் அதிக வித்தியாசம் இல்லை.

கையுறைக்காரரின் வீடு

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்ட் நகரில் ஹென்லி தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே பதினாறாம் நூற்றாண்டின் மரச்சட்ட வீடு ஒன்று இருக்கிறது. நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்த வீடாக உலகமே வந்து பார்க்கும் வீடு அது. ஆனால் கட்டப்பட்ட காலத்தில் அது ஒரு தொழிலாளியின் வீடு மட்டுமே. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜோன் தோல் பதனிட்டுக் கையுறை செய்பவர். வீட்டின் ஒரு பகுதியில் பட்டறை, மறுபகுதியில் குடும்பம். தெருவில் குப்பையைக் குவித்து வைத்ததற்காக 1552இல் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்ட பதிவுகூட இருக்கிறது. அவர் ஹென்லி தெருவில் வாழ்ந்தார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இந்தக் குப்பை வழக்குத்தான்!

ஆக, மரச்சட்ட நகர வீடு என்பது முதலில் பிரபுக்களின் ஆடம்பரமாக இருக்கவில்லை. கிட்டிய காட்டில் கிடைத்த கருவாலி மரமும் காலடியில் கிடைத்த மண்ணும் கொண்டு, தொழில் செய்து பிழைக்கும் ஒரு குடும்பம் தன் தேவைக்குக் கட்டிக்கொண்ட வீடு அது. மரம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததுதான். இன்று நாம் பார்க்கும் கன்னங்கரேல் நிறமும் பெரும்பாலும் பின்னாளில் வந்தது. ஆதியில் பல வீடுகளில் மரத்துக்கு எதுவும் பூசாமல் விட்டுவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறி நின்றது. தார் பூசிக் கறுப்பாக்கும் மோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது.

மர வீட்டுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது தீ. 1666ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு ரொட்டி சுடும் கடையில் பற்றிய தீ, நான்கு நாட்களில் பழைய நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அடுத்த ஆண்டே, அங்கு இனிச் செங்கல்லாலும் கல்லாலும் மட்டுமே வீடு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

பிறகு இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகி, நகரங்கள் புகையில் மூழ்கிய காலத்தில், பணம் படைத்தவர்களுக்குப் பழைய கிராமத்து வீடுகள் மீது ஏக்கம் பிறந்தது. செங்கல் சுவரைக் கட்டிவிட்டு அதன் மேல் மரப்பலகைகளைப் பதித்து, பழைய மரச்சட்ட வீடு போலக் காட்டத் தொடங்கினார்கள். டியூடர் அரச வம்சம் ஆண்ட காலத்தை நினைவூட்டுவதால் இதற்கு 'டியூடர் பாணி' என்று பெயர். இந்த வீடுகளில் மரம் எதையும் தாங்குவதில்லை. அது ஓர் உடை.

எல்லாமே வேஷம் என்று சொல்லிவிடவும் முடியாது. இலண்டனில் 1924இல் கட்டப்பட்ட 'லிபர்ட்டி' என்ற பெரிய துணிக்கடை உண்மையான மரச்சட்டத்தாலேயே ஆனது. அதற்கான மரங்கள் உடைக்கப்பட்ட இரண்டு போர்க்கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒரு கப்பலின் பெயர் 'ஹிந்துஸ்தான்'.

நுவரெலியாவுக்கு வந்த உடை

இனி நம் மலைக்கு வருவோம். 1819இல் ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைப் பார்த்து எழுதிய பிறகே ஆங்கிலேயர் அதை அறிந்தார்கள். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸுக்கு அந்தக் குளிர் பிடித்துப் போயிற்று. நோயுற்ற ஆங்கிலச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்கான இடமாக அதை ஆக்கினார். 1828ஆம் ஆண்டளவில் தமக்கும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டார். 'பார்ன்ஸ் ஹோல்' என்று அழைக்கப்பட்ட அந்த வீடுதான் கைமாறிக் கைமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் கிராண்ட் ஹோட்டலாக ஆனது. பல கட்டங்களாக விரிந்து உயர்ந்து, பழைய ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகை போன்ற தோற்றத்தை அது பெற்றது. இன்று முன்புறத் தோட்டத்தில் நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது இந்தத் தோற்றத்தைத்தான்.

1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வந்தார். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ் பெற்றவர் இவரே. நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணை ஒன்றை அமைக்க நினைத்து, ஆட்களையும் கால்நடைகளையும் கருவிகளையும் இங்கிலாந்திலிருந்தே கப்பலில் கொண்டுவந்தார். மலைநாட்டில் முதலில் கோப்பி செழித்தது. 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1885இல் நானுஓயாவரை ரயில் வந்ததும் தோட்டத் துரைமார் குடும்பத்தோடு மலையேறுவது சுலபமாயிற்று. 1876இல் 'ஹில் கிளப்' தொடங்கப்பட்டது. செங்கல்லால் கட்டிய, மணிக்கூட்டுக் கோபுரம் கொண்ட டியூடர் பாணித் தபாற்கந்தோர் 1894இல் எழுந்தது.

தாய்நாட்டை விட்டு ஆறாயிரம் மைல் தள்ளி வந்தவர்கள், கண்ணுக்குப் பழகிய வீட்டை இங்கேயும் காண ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை மனித இயல்புதான். ஆனால் தாய்நாட்டில் அக்காலத்தில் எழுந்த இத்தகைய வீடுகளே பழமையைப் போலச் செய்தவை. அந்தப் போலியின் பிரதியே இங்கு வந்தது. அதனால்தான் நுவரெலியாவின் கறுப்புச் சட்டங்களில் பல, சுவரின் மேல் பதித்த பலகைகளாகவோ சாந்தின் மேல் தீட்டிய கோடுகளாகவோ இருக்கின்றன. கூரையைத் தாங்குவது அவற்றின் பின்னால் மறைந்திருக்கும் கல்லும் செங்கல்லுமே.

அடுத்த முறை போகும்போது பிள்ளைகளோடு இதைச் சோதித்துப் பாருங்கள். கறுப்புச் சட்டம் சுவரின் உட்புறத்திலும் தெரிகிறதா? மூலைகளில் மர ஆணியின் தலை தெரிகிறதா? தூண் அத்திவாரம்வரை இறங்குகிறதா, நடுச்சுவரிலேயே நின்றுவிடுகிறதா? சட்டம் ஒரு சாண் கனமா, ஓர் அங்குலப் பலகையா? இந்த நான்கு கேள்விகளும் போதும். எது எலும்பு, எது உடை என்று தெரிந்துவிடும்.

உண்மையில் தாங்கியவர்கள்

வீட்டின் பாரத்தைத் தாங்கியது எது என்று கேட்ட நாம், அந்த வாழ்க்கையின் பாரத்தைத் தாங்கியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும்.

பார்ன்ஸின் பேர்பெற்ற வீதிகளை மலையில் வெட்டியவர்களில் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் இழுக்கப்பட்ட கிராம மக்கள் பலர். அந்த முறை 1832இல்தான் ஒழிக்கப்பட்டது. காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

துரையின் பங்களாவில் விருந்தினருக்கென்றே தனி அறை, அறைக்கு அறை கணப்பு. கொழுந்து பறித்த பெண்ணுக்கோ லயத்தில் ஒரு காம்பிரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறை. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. சில லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. அவற்றில் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே இல்லை. சமையல், தூக்கம், பிரசவம், மையித்து எல்லாம் அந்த ஒரே அறைக்குள். அடுத்த காம்பிராவில் குழந்தை அழுதால் இங்கே தூக்கம் கலையும். குமர்ப்பிள்ளை உடை மாற்ற ஒரு மறைவு இல்லை. வெள்ளைக்காரன் போய் இத்தனை ஆண்டுகளான பின்பும் இப்படிப்பட்ட லயங்களில் வாழும் குடும்பங்கள் மலையகத்தில் இருக்கின்றன.

வீட்டின் மானம் என்னவென்று நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கத்தை சூறா அந்நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. அனுமதி கேட்க ஒரு கதவும், மறைந்திருக்க ஒரு சுவரும் இல்லாத இடத்தில் அந்த உரிமையை ஒரு பெண் எப்படி அனுபவிப்பாள்? கறுப்பும் வெள்ளையுமான அழகிய வீடுகளை ரசிக்கும்போது, பள்ளத்தில் தெரியும் தகரக் கூரை வரிசையையும் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்வது நம் கடமை.

முஸ்லிம் ஊர்களின் மரச்சட்ட வீடுகள்

மரச்சட்டக் கலை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் மிக அழகிய வடிவங்களில் சில முஸ்லிம்களின் ஊர்களில்தான் இருக்கின்றன.

துருக்கியின் வடபகுதியில் சஃப்ரான்போலு என்று ஒரு சிற்றூர் உண்டு. குங்குமப்பூ வியாபாரத்தால் வந்த பெயர். அதன் உஸ்மானியர் கால வீடுகளுக்காக 1994இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அந்த வீடுகளின் கீழ்த்தளம் கருங்கல். பண்டம் வைக்கவும் கால்நடை கட்டவும் அது பயன்பட்டது. மேல்தளங்கள் மரச்சட்டம். சட்டங்களுக்கிடையே பச்சைக் கல்லும் மண்ணும் நிரப்பிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். மேல்தளம் கீழ்த்தளத்தை விடத் தெருப்பக்கம் சற்றே நீண்டு நிற்கும். அந்த நீட்சியில் வரிசையாக ஜன்னல்கள். ஜன்னலோரம் நீளமான இருக்கை. உள்ளே இருக்கும் பெண்களுக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது.

அந்த வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு பகுதி, வரும் ஆண் விருந்தாளிகளுக்கு ஒரு பகுதி. இரண்டுக்கும் நடுச்சுவரில் சுழலும் அலுமாரி ஒன்று. குடும்பப் பகுதியில் இருந்து உணவுத் தட்டை அதில் வைத்துச் சுழற்றினால் அது விருந்தினர் பக்கம் போய்விடும். முகம் காணாமலே உபசாரம் நடந்துவிடும்! அறைகளில் சுவர் அலுமாரிகள் இருக்கும். பகலில் படுக்கையைச் சுருட்டி அதற்குள் வைத்துவிட்டால் படுக்கையறை இருக்கும் அறையாகிவிடும். அந்த அலுமாரிகளில் ஒன்றின் கதவைத் திறந்தால் உள்ளே குளிப்பதற்கான சின்ன மறைப்பு. கடமையான குளிப்புக்கு அறையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அந்த வீட்டைச் செதுக்கிய ஓடாவி, குடும்பத்துப் பெண்களின் தேவை ஒவ்வொன்றையும் கேட்டறிந்து செய்தது போல இருக்கிறது.

காஷ்மீரில் இன்னொரு வகை. மெல்லிய மரச்சட்டங்களைச் சிறுசிறு கட்டங்களாகப் பின்னி, ஒவ்வொரு கட்டத்திலும் கல்லோ செங்கல்லோ வைத்து மண் பூசுவார்கள். அதற்குப் பெயர் 'தஜ்ஜி தீவாரி'. துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வை போன்ற சுவர் என்பது அதன் பொருள். பழைய சேலைத் துண்டுகளைச் சேர்த்துப் பிள்ளைக்குப் போர்வை தைத்த தாய்மாருக்கு இந்தப் பெயரின் அருமை உடனே விளங்கும்.

2005 அக்டோபர் 8ஆம் நாள், ரமழான் மாதத்தின் ஒரு காலைப் பொழுதில் காஷ்மீரை நிலநடுக்கம் உலுக்கியது. பாகிஸ்தான் பக்கத்தில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கனமான கல்வீடுகளும் ஒழுங்காகக் கட்டாத கொங்கிறீற்றுக் கட்டடங்களும் விழுந்த இடங்களில், தஜ்ஜி தீவாரி வீடுகள் பல விரிசலோடு தப்பி நின்றன. காரணம் என்ன? முழுச்சுவர் ஒன்று பிளந்தால் பிளவு மேலிருந்து கீழ்வரை ஓடும். கட்டம் கட்டமாகப் பிரித்த சுவரில் ஒரு கட்டத்தின் பிளவு அதன் சட்டத்தோடு நின்றுவிடும். மரம் வளைந்து கொடுக்கும். நிரப்பிய மண்ணும் கல்லும் உரசி உரசி அதிர்ச்சியைத் தின்றுவிடும். இதைக் கண்ட பின்பே, மீள்கட்டுமானத்துக்கு ஏற்ற முறைகளில் ஒன்றாக அதைப் பாகிஸ்தான் அதிகாரிகள் அங்கீகரித்தார்கள். 1999 ஆகஸ்டில் துருக்கியின் மேற்குப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகும், பக்கத்துக் கொங்கிறீற்று மாடிகள் சரிந்து கிடக்க, பழைய மரச்சட்ட வீடுகள் நின்றதைப் பொறியியலாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். 'பழசு, உளுத்தது' என்று ஒதுக்கப்பட்ட வீடு உயிரைக் காத்தது.

நம் கடைத்தெரு வீடுகள்

நம்மவர்களுக்கும் மலைநாட்டுக்கும் உறவு நேற்று வந்ததல்ல. கண்டி மன்னர்கள் காலத்திலேயே தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிச் சென்று, மலையிலிருந்து பாக்கு வாங்கி வந்தவர்கள் நம் மூதாதையர். தோட்டங்கள் தோன்றியபோது, தோட்டத்து ஜனங்களுக்கு அரிசியும் புடவையும் விற்கும் கடைகளோடு பலர் மலையக நகரங்களில் குடியேறினார்கள்.

அக்காலக் கடைவீடுகள் சிலவற்றை அந்தக் கடைத்தெருக்களில் இன்னும் காணலாம். கீழே கடை, மேலே அல்லது பின்னால் வீடு. கடைவாசலை இரவில் பலகைகளால் அடைப்பார்கள். பலகைக்குப் பலகை இலக்கம் இட்டிருக்கும். ஒரு பலகை இடம் மாறினால் கடை பூட்டாது. உள்ளே ஏறினால் கிறீச்சிடும் மரப்படி, மரத்தளம், தகரக் கூரை. நுவரெலியாவின் மாளிகைகளைப் போல இவை மரத்தை வெளியே காட்டிப் பெருமை கொள்வதில்லை. ஆனால் தூணும் விட்டமும் தளமுமாக நின்று இங்கே பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் மரந்தான். ஸ்ட்ராட்போர்ட் கையுறைக்காரரின் வீட்டுக்கு, நுவரெலியாவின் பெரிய ஹோட்டலை விட நெருங்கிய சொந்தம் நம் வாப்பாமாரின் கடைவீடு என்று சொன்னால் அது மிகையாகாது.

இவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. வாரிசுகள் பங்கு பிரிக்கிறார்கள்; நிலத்தின் விலை ஏறுகிறது; கண்ணாடி முகப்புக் கட்டடம் எழுகிறது. 2023 நவம்பரில், நுவரெலியாத் தபாற்கந்தோர்க் கட்டடத்தை ஹோட்டல் திட்டம் ஒன்றுக்குக் கொடுக்கும் யோசனையை எதிர்த்து அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்காகக் குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பெயரில்லாத ஒரு கடைவீட்டுக்காகக் குரல் கொடுக்க அதில் பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. குடும்பம் பெருகும்போது வீடு மாறத்தான் வேண்டும். ஆனால் தாங்கும் மரத்தையும் உளுத்த மரத்தையும் பிரித்தறியாமல் இடிப்பது நஷ்டம். பழைய மரவீட்டில் வாழும் சகோதரிகள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் இதோ:

1. முதலில் கூரை. மரத்தைக் கொல்வது வயது அல்ல, ஈரம். மழைக்காலத்துக்கு முன் பீலிகளைத் துப்புரவாக்குங்கள். ஒரு தகரத்தின் ஓட்டையை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் ஒரு விட்டமே போய்விடும்.

2. தூணின் அடி. தூண் மண்ணில் படக் கூடாது. அதன் அடியைச் சுற்றிச் சீமெந்து வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் அழுகும். கல்லின் மேல் நின்று காற்றாடுவதே நல்லது.

3. பழைய மண்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும்.

4. கறையான் மண்கோடு தெரிகிறதா என்று மாதம் ஒரு முறை அலுமாரிக்குப் பின்னாலும் படிக்கட்டின் அடியிலும் பாருங்கள். கத்தி முனையால் மரத்தைக் குத்திப் பார்த்தால் உள்ளே கோதாகிவிட்டதா என்று தெரியும்.

5. சாய்வான கைமரத்தை வெட்டி வாசல் வைக்காதீர்கள். 'சும்மா நிற்கிற மரம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகுதியான பொறியியலாளரையோ அனுபவமுள்ள ஓடாவியையோ கேட்ட பிறகே கைவையுங்கள்.

6. தீ விடயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய மின்கம்பிகளை மாற்றுங்கள். ஒரே செருகியில் பல மின்கருவிகளைப் பூட்டாதீர்கள். குசினி அடுப்புக்கும் மரச்சுவருக்கும் இடைவெளி விடுங்கள். சிறிநகரில் தஸ்தகீர் சாஹிப் தர்கா 2012 ஜூன் மாதம் தீயில் கருகியது. இஸ்தான்புலின் மரவீடுகள் தலைமுறைக்குத் தலைமுறை தீயில் அழிந்தன. மரத்துக்கு இரண்டாவது தவணை கிடையாது.

7. மலைச்சரிவில் வாழ்பவர்கள் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, நிலத்தையும் பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணோடு மண்ணாகப் புதையுண்டதை நாம் மறக்க முடியாது. சரியும் மலைக்கு முன் மரவீடும் நிற்காது, கல்வீடும் நிற்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் பொருளைப் பாராமல் உடனே வெளியேறுங்கள்.

8. இடிக்கத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன் வீட்டை உள்ளும் புறமும் படம் எடுங்கள். அறைகளை அளந்து குறித்து வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், எந்த அறையில் யார் பிறந்தார், எந்தப் படியில் யார் விழுந்தார், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். நல்ல விட்டத்தையும் கதவையும் விறகுக்கு விற்றுவிடாமல் புது வீட்டில் பயன்படுத்துங்கள். வீண்விரயம் நம் மார்க்கம் வெறுக்கும் செயல்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நுவரெலியாவில் பிரமிக்க வைக்கும் அந்த வீடுகள் பலவற்றில் மரம் உடையாக இருக்கிறது. சஃப்ரான்போலுவின் குடும்ப வீட்டிலும் காஷ்மீரத்து ஏழையின் சுவரிலும் நம் கடைத்தெருவின் பழைய மாடியிலும் அது எலும்பாக இருக்கிறது. முன்னதைப் பார்த்து ரசிப்போம். பின்னதைப் பேணிக் காப்போம்.

வீடு ஒரு நிஃமத். காற்று வரும் ஜன்னலும், மானம் காக்கும் சுவரும், விருந்தாளிக்கு ஓர் ஓரமும் உள்ள வீடு எவருக்குக் கிடைத்ததோ அவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தட்டும். அது இன்னும் கிடைக்காத மலையகத்துச் சகோதரிகளை நம் துஆவிலும், நம்மால் ஆன உதவியிலும் மறவாமல் இருப்போம்.